பூசணிக்காய் உடைத்த ஃபாக் லைட்

என் சகலையைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதலாம் என்று உட்காரும்போதெல்லாம் வயிற்றுக்குள் ஏதோ ஒன்று புகைய ஆரம்பித்துவிடுகிறது. சகலை என்றால் என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். என்னைவிட நாலைந்து வயது சின்னவன். நேரில் பார்த்தால் 'வாங்க சகல, உக்காருங்க சகல' என்றுதான் பேசுவேன். அவனும் அப்படியேதான். மரியாதையில் இரண்டு பேரும் ஒரு குறையும் வைத்ததில்லை. ஆனால் மனதுக்குள் அவன் எனக்கு எப்போதும் 'அவன்'தான். இங்கே மனதில் இருக்கிறபடியே எழுதிவிடுகிறேன்.

நான் புதுக்கோட்டைப் பக்கத்துக்காரன். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஓசூர் தொழிற்பேட்டையில் ஒரு உதிரிபாகக் கம்பெனிக்குக் காண்ட்ராக்ட் ஆளாக வந்தவன். அடுத்த மாதம் வேலை உண்டா இல்லையா என்று யாரும் சொல்ல மாட்டார்கள். காலையில் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு வெளியே நிற்போம். சூப்பர்வைசர் கை காட்டுகிற ஆள் உள்ளே போவான், மற்றவன் ரூமுக்குத் திரும்புவான். அப்படித் திரும்பித் திரும்பி நடந்து அலுத்துப்போய்த்தான், சாமல்பட்டியில் பெண் எடுத்த மறு வருடம் கடன் வாங்கி ஒரு பிக்கப் வண்டி வாங்கினேன். வெள்ளை வண்டி. முன் பம்பரில் இரண்டு பக்கமும் குழி மாதிரி விட்டு, அதற்குள் மஞ்சள் ஃபாக் லைட் ஒரு ஜோடி வைத்து வந்திருந்தது. வண்டியில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். இரண்டாயிரமாம் வருடத்துக்குப் பிறகு வந்த புது வண்டிகளில்கூட எல்லாவற்றிலும் அது இருக்காது.

மூன்று மாதம்கூட ஆகவில்லை. அவனும் அதே வண்டியை வாங்கினான். அதே வெள்ளை, அதே மாடல், அதே மஞ்சள் லைட். வாடகை வண்டி ஸ்டாண்டில் கொண்டுவந்து என் வண்டிக்குப் பக்கத்திலேயே நிறுத்தி, "நீங்க வாங்கினீங்க, நல்லா இருக்குன்னீங்க, அதான் சகல" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். அன்று வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவன் இந்த மண்ணுக்காரன். ஓசூரை ஒட்டிய கிராமம். தாத்தா காலத்திலிருந்து அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போன குடும்பம்; இவன் தலைமுறையில்தான் வண்டி, கம்பெனி என்று தலை தூக்கியது. தமிழ் பேசுவான், தெலுங்கு பேசுவான், எல்லை தாண்டி அத்திப்பள்ளிக்குப் போனால் கன்னடத்தில் ஜோக்கடிப்பான். நான் பத்து வருடம் அங்கே இருந்தும் கன்னடத்தில் வேண்டாம் என்கிற 'பேடா'வுக்கு மேல் ஒரு வார்த்தை சுத்தமாக வராது. செக்போஸ்ட்டில் நான் வண்டியை ஓரம் கட்டிப் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது, அவன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி ஏதோ சொல்வான். போலீஸ்காரர் சிரித்துக்கொண்டே கை காட்டுவார். அவன் வண்டி போய்விடும். நான் நிற்பேன்.

மாமனார் மாமியார் சாமல்பட்டியிலிருந்து பஸ்ஸில் வந்தால் அவன் வண்டியில்தான் ஏறுவார்கள். "சின்ன மாப்ள வண்டி குலுங்கறதே தெரியல" என்பார் மாமனார். இரண்டும் ஒரே கம்பெனி வண்டி, ஒரே ரோடு. அவன் வண்டி மட்டும் எப்படிக் குலுங்காமல் போகும்? இதை நான் என் மனைவியிடம் கேட்டிருக்கிறேன். "உங்களுக்கு வேற வேலையே இல்லையா?" என்றாள்.

ஆனால் அவனிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருந்தது. ரோஜா லோடு.

கெலவரப்பள்ளி அணைப் பக்கம் பசுமைக்குடில் போட்டு ரோஜா வளர்க்கிற ஒரு பெரிய தோட்டம் இருந்தது. விடிவதற்கு முன் அங்கே பூ ஏற்றி, வெயில் ஏறுவதற்குள் பெங்களூரில் இறக்க வேண்டும். மற்ற லோடெல்லாம் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. இது வருடம் முழுக்க நிற்காமல் இருக்கிற லோடு. வண்டித் தவணை இதை நம்பித்தான் ஓடியது. இந்த லோடு போனால் வண்டி போகும். வண்டி போனால் மறுபடியும் டிபன் பாக்ஸோடு அந்தக் கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டும். அவனுக்கு இந்த லோடு மேல் ஒரு கண் உண்டு என்பதும் எனக்குத் தெரியும். தோட்டத்து மேஸ்திரி தெலுங்குக்காரர். அவன் போய்த் தெலுங்கில் நாலு வார்த்தை பேசினால் என் கதை என்னாவது?

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு ஸ்டாண்டில் எல்லா வண்டியையும் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, முன்னால் வாழைக்கன்று கட்டி வரிசையாக நிறுத்தியிருந்தோம். பொரி, கடலை, சுண்டல் என்று அமர்க்களம். வழக்கம்போல அவன் வண்டியும் என் வண்டியும் பக்கத்துப் பக்கத்தில். மாமனார் மாமியாரும் வந்திருந்தார்கள். கொழுந்தியா ஒரு வெண்பூசணியில் துளை போட்டு, உள்ளே குங்குமமும் சில்லறைக் காசும் போட்டு, மேலே கற்பூரம் ஏற்றி அவன் வண்டியைச் சுற்றினாள். "ஊரு கண்ணு, ஒறவு கண்ணு, நாய் கண்ணு, நரி கண்ணு, நல்ல கண்ணு, நொள்ளக் கண்ணு, எல்லாக் கண்ணும் போவணும்" என்று சத்தமாகச் சொன்னாள். 'ஒறவு கண்ணு' என்றபோது அவள் என்னைப் பார்த்த மாதிரி இருந்தது. பார்த்தாளோ இல்லையோ, எனக்குச் சுருக்கென்றது.

அவன் பூசணியை வாங்கித் தலைக்கு மேல் தூக்கி ஒரே போடு. வண்டிக்கு முன்னால் அது நாலு பக்கமும் சிதறி, குங்குமத் தண்ணி சிவப்பாகத் தெறித்தது. எல்லாரும் 'ஆ' என்றார்கள். மாமனார் கை தட்டினார். பூசணி ஒரே போட்டில் உடைந்தால் திருஷ்டியெல்லாம் போய்விட்டது என்று அர்த்தம்.

அடுத்து நான். அவனுக்குக் கை தட்டின மாமனார் எனக்கும் கை தட்ட வேண்டும் என்பதைத் தவிர என் மனதில் அப்போது வேறொன்றும் இல்லை. இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்து ஓங்கி எறிந்தேன். ஓங்கின வேகத்தில் அது முன்னால் போகாமல் நேரே கீழே இறங்கி, ரோட்டில் பட்டு உடையாமல் எகிறி, என் வண்டி பம்பரிலேயே போய் மோதியது. பூசணி இரண்டாகப் பிளந்தது. கூடவே சடக்கென்று ஒரு சத்தம். இடப்பக்கத்து ஃபாக் லைட்.

நல்லவேளை, பம்பரில் கட்டிய வாழையிலை அந்தப் பக்கம் சாய்ந்திருந்தது. நான் ஓடிப்போய் இலையைச் சரிசெய்கிற மாதிரி உடைந்த கண்ணாடியின் மேல் இழுத்துவிட்டேன். "உடைஞ்சிருச்சு, உடைஞ்சிருச்சு" என்றார் மாமியார். பூசணியைத்தான் சொன்னார்.

அப்புறம் ஸ்டுடியோக்காரர் போட்டோ எடுத்தார். அவன் தன் வண்டி பம்பர் மேல் ஒரு காலை வைத்து, வேட்டியை விரித்துவிட்டு ராஜா மாதிரி நின்றான். "கொஞ்சம் நகருங்க, வண்டி தெரியல" என்று போட்டோக்காரர் இரண்டு மூன்று தடவை சொன்னார். அவன் அசையவில்லை. திமிர் என்று நினைத்தேன்.

மறுநாளே ஒரு கடையில் ஃபாக் லைட்டுக்கு மாட்டுகிற கறுப்பு பிளாஸ்டிக் கவர் ஒரு ஜோடி வாங்கி இரண்டு பக்கமும் அழுத்தினேன். அந்தக் காலத்தில் அது ஒரு ஃபேஷன். பகலில் கவர் போட்டுக்கொள்வார்கள், ராத்திரி கழற்றிக்கொள்வார்கள். என் மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை. சொன்னால் தங்கைக்குப் போகும், தங்கைக்குப் போனால் அவனுக்குப் போகும், அவனுக்குப் போனால் தெலுங்கில் மேஸ்திரிக்குப் போகும். முந்தின வருடப் பனியில் வேறொரு வண்டி ரோஜாவோடு வாய்க்காலில் இறங்கியதிலிருந்து மேஸ்திரி அந்த விஷயத்தில் கறாராக இருந்தார். 'பனிக் காலத்துக்கு மஞ்ச லைட்டு ரெண்டும் எரியற வண்டிதான் உள்ள வரணும்' என்று சொல்லிவைத்திருந்தார்.

நாலு நாள் கழித்து ஸ்டாண்டுக்குப் போனால் அவன் வண்டியிலும் கவர்! என்னுடையது வெறும் கறுப்பு. அவனுடையது மஞ்சளில் சிரிக்கிற மூஞ்சி போட்டது.

"நீங்க போட்டிருந்தீங்க, ஷோக்கா இருந்துச்சு, அதான் சகல" என்றான்.

நான் உடைசலை மறைக்கப் போட்டதைக்கூட அவன் அலங்காரமாகப் போட்டுக்கொள்கிறானே என்று பற்றிக்கொண்டு வந்தது. அதிலும் அந்தச் சிரிக்கிற மூஞ்சி. எனக்கு ஏன் அது கண்ணில் படவில்லை?

ஃபாக் லைட் தேடலை அன்றே ஆரம்பித்தேன். ஓசூரில் நான் ஏறாத ஸ்பேர் பார்ட்ஸ் கடை இல்லை. எல்லாக் கடையிலும் ஒரே பதில். எங்கள் வண்டி வந்த அடுத்த வருடமே பம்பர் வடிவத்தை மாற்றிவிட்டார்களாம். புது மாடலுக்கு லைட் இருக்கிறது, எங்கள் மாடலுக்கு வருவதில்லை. புதுசு பழைய குழிக்குள் உட்காராது. "எதாச்சும் உருண்டை லைட்ட கிளாம்ப் போட்டு மாட்டிக்கிங்க" என்றார் ஒரு மெக்கானிக். அதையும் செய்து பார்த்தேன். ராயக்கோட்டை ரோட்டில் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதும் அது நிமிர்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. வானத்தில் எனக்கென்ன லோடா இருக்கிறது? கழற்றிப் போட்டுவிட்டேன்.

பெங்களூர் ஜே.சி. ரோட்டில் அரை நாள் அலைந்தேன். நான் தமிழில் கேட்டால் ஏறிட்டுப் பார்க்காமலே 'இல்லா' என்பார்கள். எனக்குத் தெரிந்த அரைகுறைக் கன்னடத்தில் கேட்டால் சிரித்துக்கொண்டே 'இல்லா' என்பார்கள். இதே இடத்தில் அவன் நின்றிருந்தால் உள்ளே கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்து, அட்டைப்பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு ஜோடி எடுத்துக் கொடுத்திருப்பார்கள் என்று தோன்றியது. இல்லாத லைட்டுக்கும் அவன்மேல்தான் கோபம் வந்தது.

சூளகிரியில் ஒரு காயலான் கடையில் எங்கள் மாடல் வண்டி ஒன்று விபத்தில் நசுங்கிக் கிடப்பதாகக் கேள்விப்பட்டு ஓடினேன். போனால் முன்பக்கமே இல்லை. இருக்கிற பின்பக்கத்தைத் தடவிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

கடைசியில் கிருஷ்ணகிரி. பெங்களூர் ரோட்டில் ஒரு பழைய கடை. கடைக்காரர் நல்ல மாதிரி. பழைய சரக்கெல்லாம் பரணில் வைத்திருந்தார். மாடலைச் சொன்னதும் யோசித்தார்.

"இதே லைட்ட நேத்துகூட ஒருத்தர் வந்து கேட்டாருங்க. ஓசூர்க்காரருதான். எங்கிட்ட தமிழ்ல பேசறாரு, உள்ள வேல செய்யற ஆளுகிட்ட தெலுங்குல பேசறாரு, போன்ல கன்னடத்துல பேசறாரு. நல்ல கலகலப்பான ஆளு."

"வாங்கிட்டாரா?" என்றேன்.

"இருந்தாதானே வாங்கறதுக்கு? வந்தா சொல்லுங்கன்னு நம்பர் குடுத்துட்டுப் போயிருக்காரு."

நானும் என் நம்பரைக் கொடுத்தேன். அதோடு விடாமல், "அவருக்கு முன்னாடி எனக்குச் சொல்லிருங்கண்ணே, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று கையைப் பிடித்துக்கொண்டேன்.

திரும்பி வருகிற வழியெல்லாம் எனக்கு ஒரே கணக்கு. அவனுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. என் லைட் உடைந்ததை எப்படியோ கண்டுபிடித்துவிட்டான். நான் வாங்குவதற்குள் ஊரில் இருக்கிற எல்லா லைட்டையும் அவன் வாங்கிப் பதுக்கப் போகிறான். பனி இறங்கும், மேஸ்திரி என்னை வெளியே நிறுத்துவார், அவன் உள்ளே போவான். 'நீங்க லோடு அடிச்சீங்க, நல்லா இருந்துச்சு, அதான் சகல' என்று சிரிப்பான். ஸ்டியரிங்கை நான் பிடித்த பிடியில் கை வலித்தது.

கார்த்திகை முடிகிற சமயம் பனி இறங்கியது. மேஸ்திரி கூப்பிட்டார். தை வரைக்கும் பூ அதிகம் போகும், ஒரே வண்டியை நிலையாகப் போடப் போகிறேன், நாளைக்கு விடியற்காலை வண்டியோடு வா, லைட்டைப் பார்க்க வேண்டும் என்றார். "ஒங்க சகலயையும் வரச் சொல்லியிருக்கேன்" என்று சாதாரணமாகச் சேர்த்துக்கொண்டார்.

மறுநாள் தோட்டத்து கேட்டுக்கு முன்னால் இரண்டு வண்டியும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. அணைப் பக்கத்திலிருந்து பனி சுவர் மாதிரி வந்துகொண்டிருந்தது. பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியவில்லை. அவன் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் போக வேண்டும் என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டு வந்தேன். அது எனக்கு முன்னாலேயே வந்து நின்றிருந்தது. கவரில் இருந்த மூஞ்சி வேறு சிரித்துக்கொண்டிருந்தது.

மேஸ்திரி மப்ளரைச் சுற்றிக்கொண்டு வந்தார். "கவரக் கழட்டிட்டு லைட்டப் போடுங்க, பாக்கலாம்."

"சகல மொதல்ல காட்டட்டுங்க" என்றேன்.

"அய்யய்யோ, அவரு மூத்தவருங்க. அவரு இருக்கறப்ப நான் முந்தறது மொற இல்ல" என்றான் அவன்.

"இதுல என்ன சகல முறை? நீங்க போடுங்க."

"வேணாங்க சகல, நீங்க போட்டாத்தான் மரியாத."

"சொன்னாக் கேளுங்க, சின்னவங்கதான் முன்னாடி வரணும்."

"ரெண்டு பேரும் பந்தியிலயா ஒக்காரப் போறீங்க?" என்று மேஸ்திரிக்குக் கோபம் வந்துவிட்டது. குனிந்து தானே கவரைப் பிடுங்க ஆரம்பித்தார். முதலில் என் வண்டி. வலப்பக்கம் பளிச்சென்று எரிந்தது. இடப்பக்கத்துக் கவரை எடுத்ததும் உள்ளே வெறும் குழியும் இரண்டு சில்லுக் கண்ணாடியும். நான் தலையைக் குனிந்துகொண்டேன். முடிந்தது. கேட்டுக்கு வெளியே டிபன் பாக்ஸோடு நிற்கிற என்னையே நான் பார்த்தேன்.

மேஸ்திரி அவன் வண்டிக்குப் போனார். இடப்பக்கத்துச் சிரிப்பை எடுத்தார். எரிந்தது. வலப்பக்கத்துச் சிரிப்பை எடுத்தார்.

அங்கேயும் குழி.

"ஏமண்டி இது?" என்றார் மேஸ்திரி. இடுப்பில் கை வைத்துக்கொண்டு இரண்டு வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் பனிக்குள் சத்தமாகச் சிரித்தார். "ரெண்டு வண்டியயும் சேத்தாத்தான் ஒரு வண்டி ஆவுது! எனக்கு ரெண்டு லைட்டு எரியற வண்டி ஒண்ணு வேணும். யாருதுன்னு நீங்களே பேசி முடிச்சிக்குங்க. பூ காத்துக்கிட்டு இருக்காது." சொல்லிவிட்டுப் பூக் கட்டுகிற கொட்டகைக்குப் போய்விட்டார்.

நாங்கள் இரண்டு பேரும் நின்றோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"எப்படி?" என்றேன்.

"பூசணிக்காதான். நான் போட்டுட்டேனில்ல, ஒரே போடு. அதுல ஒரு பெரிய சில்லு, காசோட சேந்து நேரா லைட்டுலயே வந்து அடிச்சிது. யாரும் பாக்கல. அதுக்குள்ள நீங்க போட ஆரம்பிச்சிட்டீங்க, எல்லாரும் அங்க திரும்பிட்டாங்க."

போட்டோவில் அவன் வேட்டியை விரித்துக்கொண்டு நின்றது நினைவுக்கு வந்தது. மாமனார் கை தட்டின அந்த ஒரே போடு. அதைப் பார்த்துத்தானே நான் ஓங்கினேன்!

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே சகல" என்றேன். என்ன தைரியத்தில் சொன்னேனோ.

"எப்பிடிங்க சொல்றது? மாமனாரு எப்பப் பாத்தாலும் 'மூத்த மாப்ள வண்டிய பாரு, எவ்ளோ ஒழுங்கா வச்சிருக்காரு, கம்பெனில வேல பழகின கையி'ம்பாரு. ஒங்க முன்னாடி ஒடஞ்ச வண்டியோட நிக்கறதுக்கு ஒரு மாதிரியா இருந்துச்சு. ஊரெல்லாம் தேடினேன். கெடைக்கல."

என்னிடம் அவனைப் புகழ்கிற மாமனார் அவனிடம் என்னைப் புகழ்ந்திருக்கிறார். மனிதர் இரண்டு பக்கமும் கொளுத்திப்போட்டுவிட்டு நடுவில் உட்கார்ந்து குளிர் காய்ந்திருக்கிறார்.

ஆனால் அப்போது எனக்கு அதுவல்ல கவலை. என்னிடம் இருப்பது வலது. அவனிடம் இருப்பது இடது. இரண்டும் என் வண்டிக்கு வந்தால் லோடு எனக்கு. அவன் வண்டிக்குப் போனால் லோடு அவனுக்கு. லோடு இரண்டு வருடமாக என்னுடையது, நான் மூத்தவன், என் தவணை, என் கம்பெனி கேட் பயம் என்று என்னிடம் நியாயம் நிறைய இருந்தது. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. 'சகல, உங்க லைட்டக் கழட்டிக் குடுங்க' என்று எந்த வாயால் கேட்பது? அவனிடம் கேட்டு வாங்குவதைவிட வாய்க்காலில் இறங்கிவிடலாம். அப்படி ஒரு பக்கம். இன்னொரு பக்கம் டிபன் பாக்ஸ்.

நான் இப்படி யோசித்துக்கொண்டு நிற்கும்போதே அவன் சீட்டுக்கு அடியிலிருந்து ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வந்து ஈரத் தரையில் மல்லாந்து படுத்துத் தன் பம்பருக்குக் கீழே கையை விட்டான்.

"என்ன சகல பண்றீங்க?"

"லோடு ஒங்களுதுங்க சகல. இத நான் எப்பிடிங்க எடுத்துக்கறது? டார்ச்ச இப்பிடிக் கொஞ்சம் காட்டுங்க."

காட்டினேன். லைட் கையோடு வந்தது. அதே ஈரத்தோடு என் வண்டிக்கு அடியில் நகர்ந்து படுத்து அவனே மாட்டினான். எழுந்து முதுகைத் தட்டிக்கொண்டு, "போடுங்க பாக்கலாம்" என்றான். இரண்டும் எரிந்தன.

அன்று ரோஜாவை ஏற்றிக்கொண்டு பனிக்குள் போகும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. இடப்பக்கத்து வெளிச்சம் வலப்பக்கத்தைவிட ஒரு சுற்று கூட இருந்த மாதிரிதான் பட்டது. ஒரே கம்பெனி லைட். இருந்தாலும் அவனுடையது அல்லவா? கேட்காமல் கொடுக்க அவனால் முடிந்தது. கேட்டு வாங்கக்கூட என்னால் முடியவில்லை. அவன் பேசுகிற மூன்று பாஷைமேலும், குலுங்காத வண்டிமேலும் பட்ட பொறாமையெல்லாம் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது. இப்படி ஒரு பொறாமையை நான் அதற்கு முன் பட்டதே கிடையாது.

செய்தி சாமல்பட்டிக்குப் போய்ச் சேர்ந்தது. "தன் வண்டில இருக்கறத கழட்டிக் குடுத்தாராம்ல சின்ன மாப்ள" என்று மாமியார் சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொன்னார். அந்தப் பனிக்காலம் முழுக்க லோடு எனக்கு, பேர் அவனுக்கு.

பொங்கல் முடிந்து சில நாளில் கிருஷ்ணகிரிக் கடைக்காரர் போன் செய்தார். பழைய சரக்கில் ஒரே ஒரு செட் வந்திருக்கிறது, கையைப் பிடித்துச் சொன்னீர்களே, அதனால் உங்களுக்குத்தான் முதலில் சொல்கிறேன் என்றார். ஓடிப்போய் வாங்கினேன். பெட்டியைத் திறந்து பார்த்தால் இரண்டு லைட்டும் புத்தம் புதுசாக, மஞ்சள் கண்ணாடியில் விரல் ரேகைகூட இல்லாமல் மின்னின.

பெட்டியைப் பக்கத்து சீட்டில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். செட் என்றால் வலது ஒன்று, இடது ஒன்று. அவனுக்கு வலது உடைந்தது, இடதை எனக்குக் கொடுத்தான். ஆக இரண்டும் அவனுக்குத்தான் சேர வேண்டும். அப்படியானால் அவன் வண்டியில் இரண்டும் புதுசு. என் வண்டியில் இரண்டும் பழசு, அதிலும் ஒன்று அவன் போட்டுக் கழித்தது! இது என்ன நியாயம்?

சூளகிரி வருவதற்குள் ஒரு வழி கண்டுபிடித்தேன். புது இடதை நான் வைத்துக்கொள்வது. அவனுடைய பழைய இடதை அவனுக்கே திருப்பிக் கொடுப்பது. அவன் பொருள் அவனிடம் போகிறது, யாராலும் ஒரு குற்றம் சொல்ல முடியாது. அவன் வண்டியிலும் ஒன்று புதுசு, ஒன்று பழசு. என் வண்டியிலும் ஒன்று புதுசு, ஒன்று பழசு. சரிக்குச் சரி. மனதுக்கு இதமாக இருந்தது. வழியில் ஒரு டீகூடக் குடித்தேன்.

ஓசூர் நெருங்க நெருங்க அந்த இதம் போய்விட்டது. பழைய லைட்டைத் துடைத்து அவனிடம் நீட்டுகிற காட்சி கண்ணுக்கு முன்னால் வந்தது. அவன் வாங்கிக்கொள்வான். "பரவால்லீங்க சகல, நமக்குள்ள என்ன" என்று சிரிக்கவும் செய்வான். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியாது. கொடுக்கிற இடத்தில் அவன் நின்றான் என்பதுதானே இத்தனை நாளாக என்னை அரித்தது? அந்த இடத்தில் ஒரு தடவையாவது நானும் நிற்க வேண்டும். நல்ல மனதோடு முடிவெடுத்தேன் என்று சொன்னால் பொய். எரிச்சலில் எடுத்த முடிவுதான்.

நேரே அவன் வீட்டுக்கு விட்டேன். அவன் வாசலில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அவன் பம்பருக்கு அடியில் படுத்தேன். "சகல, எழுந்திரிங்க, சட்டையெல்லாம் சேறாவுது, குடுங்க நான் மாட்டிக்கறேன்" என்று அவன் தவித்தான். விடவில்லை. இரண்டையும் நானே முறுக்கினேன்.

"போடுங்க பாக்கலாம்" என்றேன்.

இருட்டத் தொடங்கியிருந்தது. இரண்டு லைட்டும் ஒன்றாக எரிந்தன. எதிர் வீட்டுச் சுவர் முழுக்க நல்ல கெட்டி மஞ்சள். இரண்டு பக்கமும் ஒரே அளவு, ஒரே நிறம், துளி வித்தியாசம் கிடையாது. தெருவில் போனவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அவனுக்கு வாயெல்லாம் பல். சத்தம் கேட்டுக் கொழுந்தியா வெளியே வந்து கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

நானும் பார்த்தேன். கொடுத்தால் ஆறிவிடும் என்று நினைத்தது ஆறவில்லை. சேற்றோடு நின்றுகொண்டு, நானே வாங்கி நானே மாட்டிய லைட்டைப் பார்த்து எனக்கு அப்படி எரிந்தது. சாலை ஓரத்தில் என் வண்டி பழைய கண்ணை விழித்துக்கொண்டு நின்றது.

"அம்மா, கொஞ்சம் கற்பூரம் எடுத்துட்டு வந்து இந்த வண்டிக்குச் சுத்திப் போடு" என்றேன் கொழுந்தியாவிடம்.

"என்ன மாமா திடீர்னு? இன்னிக்கு அமாவாசகூட இல்லியே."

"பரவாயில்ல. புது லைட்டு. கண்ணு பட்டுரும்."

அவள் சிரித்துக்கொண்டே உள்ளே போய் எலுமிச்சம்பழத்தில் கற்பூரம் வைத்து எடுத்து வந்தாள். வண்டிக்கு முன்னால் நின்று சுற்ற ஆரம்பித்தாள். "ஊரு கண்ணு, ஒறவு கண்ணு, நாய் கண்ணு, நரி கண்ணு..."

"அந்த ஒறவு கண்ணுங்கறத மட்டும் இன்னொரு தடவ சொல்லிரும்மா" என்றேன்.